பெயரில்லாத கார்பன் ஃபிரேம்: மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் பெற்றோல் வரிசை டவுனைச் சுற்றி வளைத்திருந்தபோதுதான், பலரைப் போல நானும் சைக்கிளுக்கு வந்தேன். வீடு கொட்டகலை, வேலை ஹட்டன். அப்போது ஏறியது அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள். வரிசை போய்விட்டது, சைக்கிள் ஆசை போகவில்லை. அடுத்த வருடம் சீனாவிலிருந்து பெயரில்லாத ஒரு கார்பன் ஃபிரேமை, அதாவது கார்பன் நாரால் செய்த சைக்கிள் உடல் சட்டத்தை, வரவழைத்து, மற்றச் சாமான்களைத் தனித்தனியாகச் சேர்த்துப் பூட்டினேன். அன்றிலிருந்து தேத்தண்ணிக் கடையோ, ஸ்டேஷனோ, கோயில் திருவிழாவோ, வண்டியை எங்கே சாய்த்து வைத்தாலும் நாலு பேர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"பேரே இல்லையே அண்ணே, அப்ப இது டூப்ளிகேட்தானே?"

இல்லை. பெயரில்லாதது வேறு, அடுத்தவன் பெயரை ஒட்டியது வேறு. பெரிய இத்தாலியக் கம்பனியின் பெயரையும் நிறத்தையும் அப்படியே அடித்து, கால்வாசி விலைக்கு விற்கிறார்கள் அல்லவா, அதுதான் டூப்ளிகேட். அதை வாங்கவே வாங்காதீர்கள். பெயரைத் திருடத் தயங்காதவன் உள்ளே அடுக்கும் நாரில் நேர்மையாக இருப்பான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. போலிப் பெயர் ஒட்டிய சாமானைச் சுங்கத்தில் பிடித்து வைத்தால் காசும் போச்சு, ஃபிரேமும் போச்சு.

நான் இங்கே பேசுவது, செய்தவர்களே பெயர் போடாமலோ, யாருக்கும் தெரியாத தங்கள் பெயரைச் சின்னதாகப் போட்டோ விற்கும் ஃபிரேமைப் பற்றி.

"பெரிய கம்பனி ஃபிரேம் வர்ற அதே பெக்டரியில செஞ்சதுன்னு போட்டிருக்காங்களே, உண்மையா?"

இருக்கலாம். ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெக்டரி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தோட்டத்துக் கொழுந்து, ஒரே பெக்டரி, ஒரே ரோலர். அதிலேதான் பீஓபித் தேயிலையும் வருகிறது, டஸ்ட் தூளும் வருகிறது. வித்தியாசம் சலிப்பதிலும் பிரிப்பதிலும் இருக்கிறது.

கார்பன் ஃபிரேமும் அப்படித்தான். பிசின் ஊறிய கார்பன் நார்த் தாள்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் என்று கையால் அடுக்கி, அச்சுக்குள் வைத்து, உள்ளே ஒரு பையில் காற்றை ஏற்றி, சூடாக்கி இறுக வைக்கிறார்கள். பெரிய கம்பனி தன் அச்சையும் அடுக்கும் முறையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நமக்கு வருவது பெக்டரியின் சொந்த அச்சில் செய்தது. அதே அச்சு ஃபிரேமை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நிறத்தில் விற்பதையும் பார்க்கலாம். ஷியாமென், ஷென்சென், டொங்குவான் பக்கம்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

"டி700", "டி800" என்று போட்டிருப்பது டோரே என்ற ஜப்பானியக் கம்பனியின் நார் வகைகள். பெயின்ட் அடித்த ஃபிரேமைப் பார்த்து உள்ளே எந்த நார் என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. மேலே கட்டம் கட்டமாக நெய்த மாதிரி தெரிகிறதே, அது பெரும்பாலும் அழகுக்குப் போட்ட கடைசி அடுக்கு. அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

"கார்பன்னா நுவரெலியா ஏறுறது லேசாயிருமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா 50 கிலோமீற்றருக்கு மேல். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே ஏறக்குறைய 1400 மீற்றர் ஏற்றம். நீங்கள் 65 கிலோ, வண்டி 9 கிலோ, மொத்தம் 74. நல்ல அலுமினிய ஃபிரேமை மாற்றிக் கார்பன் போட்டால், முன்சில்லைப் பிடிக்கும் ஃபோர்க்கையும் சேர்த்து, ஒரு கிலோ குறைந்தாலே அதிகம். 74இல் ஒன்று என்றால் நூற்றுக்கு 1.35. மூன்றரை மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு மூன்று நிமிடம்கூட மிச்சம் இல்லை. றம்பொடையில் வடை தின்ன நிற்கும் நேரம் அதைவிடக் கூட.

ஏற்றத்தை லேசாக்குவது பல் எண்ணிக்கை. முன்னால் 34 பல், பின்னால் பெரிய சக்கரம் 34 பல் என்றால், பெடலை நிமிடத்துக்கு 60 தடவை சுற்றி மணிக்கு ஏழரை கிலோமீற்றரில் ஏறலாம். பின்னால் 28 பல்லோடு வந்த வண்டியில் அந்த வேகத்துக்கு எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும். ஃபிரேமுக்கு முன்னால் இதை மாற்றுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவுதான்.

சரி, அப்புறம் ஏன் கார்பன்? கரடுமுரடான ரோட்டில் கை மரத்துப்போவது எனக்குக் குறைந்தது. மிதிக்கும்போது வளைந்து கொடுப்பதும் குறைவு. ஆசையும் ஒரு காரணம், அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

"மொத்தமா எவ்வளவு முடியும்? ஃபிரேம் விலையை மட்டும் சொல்லி ஏமாத்தாதீங்க."

ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து பெரும்பாலும் 350 முதல் 700 டொலருக்குள் கிடைக்கும். என்னுடையது 450, அனுப்பும் செலவு 90. என் வண்டிக்கு முடிந்த மொத்தத்தில் ஃபிரேமுக்குப் போனது மூன்றில் ஒரு பங்குதான். கியர், பிரேக், சில்லு, டயர் எல்லாம் மிச்சத்தைத் தின்றுவிட்டன.

எல்லாரும் மறப்பது சின்னச் சாமான்களை: ஹேண்டில் திரும்பும் இடத்து ஹெட்செட் பெயாரிங், பெடல் சுற்றும் இடத்து கிரேங்க் பெயாரிங், சில்லு அச்சுக் கம்பிகள், சீட் போஸ்ட், அதன் பிடிப்பு, ஃபோர்க்கின் மேல்பக்கத்து ஸ்டீயரர் குழாய்க்குள் போடும் விரியும் அடைப்பு, கார்பனுக்கான உராய்வுப் பசை. விற்பவரிடம் "பெட்டிக்குள் என்னென்ன வரும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கியர் மாற்றும் டெரெய்லர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறதே, ஹேங்கர், அதில் கூடுதலாக இரண்டு கட்டாயம் வாங்குங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது வேறு வடிவம். கொட்டகலைத் தோட்ட ரோட்டில் ஒரு தடவை சேற்றில் சரிந்து என் ஹேங்கர் முறிந்தது. நாலு டொலர் சாமானுக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன்.

"சுங்கத்தில எவ்வளவு போடுவாங்க? பெட்டியில 50 டொலர்னு எழுதச் சொல்லவா?"

சைக்கிள் ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் சுங்கக் குறியீடு 8714.91. இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் தீர்வை அட்டவணை இருக்கிறது, இந்த எண்ணைத் தேடினால் அன்றைக்கு நடப்பில் உள்ள எல்லா வீதங்களும் ஒரே வரியில் கிடைக்கும். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் காசு கட்டும் அன்றே பாருங்கள். போன வருடம் வாங்கிய நண்பர் சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தெரிய வேண்டியது கணக்குப் போடும் விதம். வரி ஃபிரேம் விலைக்கு மட்டும் இல்லை, காப்புறுதியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைக்கு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். அதை அந்தத் தொகையோடு இன்னும் 10 சதவீதத்தையும் மற்ற வரிகளையும் கூட்டி, அதன் மேல் போடுகிறார்கள். என் 540 டொலருக்கு இன்றைய வீதத்தில் பார்த்தால், மற்ற வரி எதுவும் இல்லை என்று வைத்தாலும், 594இல் 18 சதவீதம், கிட்டத்தட்ட 107 டொலர். தபாலில் வந்தால் சுங்கம் குறிக்கும் தொகையைக் கட்டி எடுக்க வேண்டும். கூரியர் என்றால் அவர்களே கட்டிவிட்டுத் தங்கள் கூலியையும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். விற்பவரே "50 போடவா" என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்கத்தார் இணையத்தில் விலையைப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். மதிப்பைத் தாங்களே உயர்த்தலாம், தண்டமும் போடலாம். வழியில் பெட்டி நசுங்கினாலும் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது அந்த 50தான். இன்னொன்று, முழுச் சைக்கிளுக்கான சாமான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வரவழைத்தால் அது கழற்றிய சைக்கிளாகக் கணக்கில் வரும். அப்போது குறியீடே மாறி 8712 ஆகிவிடும்.

"கடையில ஏறிப் பார்க்க முடியாதே, என் சைஸ் எப்படித் தெரியும்?"

52, 54 என்ற எண்களை நம்பாதீர்கள். ஒருவரின் 52 இன்னொருவரின் 50. பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். கிரேங்க் நடுப்புள்ளியிலிருந்து, ஹேண்டில் குழாயின் மேல் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச்.

இப்போது ஓட்டும் சைக்கிள் உடம்புக்குச் சரியாக இருந்தால் அதையே அளந்து கொள்ளுங்கள். நான் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் தூக்குக் குண்டு இரவல் வாங்கினேன். வண்டியைச் சமதரையில் சுவரோரம் நேராக நிறுத்தி, ஹேண்டில் குழாயின் மேல் வாய் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கிரேங்க் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ரீச். லயத்து வாசல் சமதரையாக இல்லாததால் கோயில் மண்டபத்தில் போய் அளந்தேன். பூசாரி ஐயா என்ன சாத்திரம் இது என்று கேட்டார்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டினால் சின்னதை எடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போட்டுச் சின்னதைப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்குவது கஷ்டம்.

"ரிம் பிரேக் ஃபிரேம் விலை குறைவு. அது போதாதா?"

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் ஏறியவர் எல்லாரும் இறங்கியாக வேண்டும். வண்டியும் ஆளும் 75 கிலோ, 1000 மீற்றர் உயரம் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாக இறங்குபவருக்குக் காற்று அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்குபவருக்கு முழுக் கேத்தலும் பிரேக்கில்தான் கொதிக்கும்.

ரிம் பிரேக் சில்லு வளையத்தையே, அதாவது ரிம்மையே, அழுத்துவதால் அந்தச் சூடு ரிம்முக்குப் போகிறது. அலுமினிய ரிம் ஓரளவு தாங்கும். கார்பன் ரிம்மில் நாரை ஒட்டி வைத்திருப்பது பிசின், பிசின் சூட்டில் இளகும். என் கூட்டாளி ஒருவன் பெயரில்லாத கார்பன் ரிம்மை ரிம் பிரேக்கோடு போட்டிருந்தான். லபுக்கலை தாண்டிப் பனிமூட்டம், முன்னால் லொறி, முந்தவும் முடியாது. றம்பொடை வரைக்கும் பிரேக்கை விடவே இல்லை. கருகிய நாற்றம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. நிறுத்திப் போத்தல் தண்ணீரை ரிம்மில் ஊற்றினான், சுர்ர் என்று ஆவி போனது. அடுத்த நாள் ரிம் ஓரத்தை விரலால் தடவினால் ஓரிடத்தில் புடைத்து நின்றது, கொசு கடித்த மாதிரி. அந்தப் புடைப்புக்குள்ளேதான் டியூப் 80, 90 இறாத்தல் காற்றோடு இருந்திருக்கிறது.

ஆகவே சில்லு நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கான ஃபிரேம் வாங்குங்கள். முன்னாலும் பின்னாலும் 160 மில்லிமீற்றர் தட்டு. ரிம் பிரேக்தான் கைக்கு எட்டும் என்றால் அதுவும் சரி, ஆனால் ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும். எந்தப் பிரேக்கானாலும் தொடர்ந்து உரசிக்கொண்டு இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள், ஆறட்டும். எண்ணெய் பிரேக் என்றால் ஒரு எச்சரிக்கை: ஷிமானோ கம்பனிப் பிரேக்கில் ஓடுவது மினரல் ஒயில். மோட்டார் சைக்கிள் கராஜில் இருக்கும் பிரேக் ஒயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிப் பழுதாகும்.

"வயரெல்லாம் உள்ளுக்கு போற மாதிரி எடுக்கலாமா? பார்க்க அழகா இருக்கே."

அழகுதான். ஆனால் ஹெட்செட் பெயாரிங் வழியாக எல்லா வயரும் போகும் வகையை நம் மழைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பெயாரிங் வருடத்துக்கு ஒரு தடவையாவது துருப்பிடிக்கும். அதை மாற்ற பிரேக் குழாயைக் கழற்றி, மறுபடி ஒயில் ஏற்றிக் காற்றை எடுக்க வேண்டும். ஃபிரேமின் பக்கத்தில் துளை போட்டு வயரை உள்ளே விடும் பழைய வகை போதும்.

கிரேங்க் இடத்திலும் இதே கதை. மரை உள்ளதாக எடுங்கள், பிஎஸ்ஏ அல்லது டி47 என்று குறித்திருக்கும். அடித்து இறக்கும் வகையில் துளை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச் கிறீச் என்று கத்தும். விலை குறைந்த ஃபிரேமில் கோணல் அபூர்வம் இல்லை.

"பெட்டி வந்திருச்சு. பிரிச்சதும் என்ன பார்க்கணும்?"

பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய. பிறகு பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். பெயாரிங் உட்காரும் இடங்களில் பிசின் கட்டி நிற்கிறதா? என் ஃபிரேமில் ஹேண்டில் குழாய்க்குள் அரிசி அளவு ஒரு பிசின் முடிச்சு இருந்தது. நுணுக்கமான மணல் தாளால் தேய்க்கச் சரியாகிவிட்டது. சில்லைப் போட்டால் இரு பக்கமும் இடைவெளி ஒரே அளவா? ஃபோர்க் கால்கள் நேரா? மரைகளில் போல்ட் கையாலேயே சிரமமில்லாமல் ஏறுகிறதா? குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் சுருக்கம் இருப்பது சகஜம், தொங்கும் நாரும் குழியும் சகஜம் இல்லை.

குறை இருந்தால் ஒன்றையும் பூட்டாமல் அன்றே படத்தோடு எழுதுங்கள். பூட்டி ஓட்டிய பிறகு எழுதினால் விழுந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். காசை விற்பவரின் கணக்குக்கு நேரே போடாமல், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் சந்தைத் தளம் வழியாகவோ கிரெடிட் கார்டிலோ கட்டியிருந்தால் உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் இருக்கும்.

"நம்ம டவுன் சைக்கிள் பாஸ் பூட்டித் தருவாரா?"

தருவார். அவருக்குக் கை திறமை என்னைவிடப் பத்து மடங்கு. ஆனால் அவர் கை பழகியது இரும்புக்கு. "இன்னும் ஒரு சுத்து" என்று இறுக்குவது இரும்பில் நல்லது, கார்பனில் வெடிப்பு. ஆகவே எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ஸ்பானர் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். ஸ்டெம், சீட் போஸ்ட் போல்ட்கள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் சுற்றுவட்டாரம். சாமானிலேயே எழுதியிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. கார்பன் சீட் போஸ்டுக்குக் கிரீஸ் பூச விடாதீர்கள், வழுக்கும், வழுக்கினால் இன்னும் இறுக்கத் தோன்றும். அதற்குத்தான் மணல் மாதிரி இருக்கும் அந்த உராய்வுப் பசை. ஸ்டாண்டில் மாட்டும்போது சீட் போஸ்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஃபிரேம் குழாயை அல்ல.

ஸ்டீயரர் குழாயை வெட்டுவதுதான் நெஞ்சு படபடக்கும் வேலை. முதலில் வெட்டாமல் வளையங்களை அடுக்கி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். ஸ்டெம்முக்குக் கீழே வளையங்கள் 3 சென்டிமீற்றருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வெட்ட நுண்பல் ஹெக்சோ பிளேட் போதும். ஈரத் துணி சுற்றி, மூக்கில் மாஸ்க் போட்டு வெட்டுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே விரியும் அடைப்பு ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்கு நேராக உட்கார வேண்டும். பழைய வண்டிகளில் அடித்து இறக்கும் நட்சத்திர நட்டைக் கார்பன் குழாய்க்குள் அடிக்கவே கூடாது.

"பழைய அலுமினிய வண்டிச் சாமானை மாத்திப் போடலாமா?"

கியர், ஹேண்டில், சீட், பெடல் போகும். ரிம் பிரேக் சில்லு டிஸ்க் ஃபிரேமுக்குப் போகாது, சில்லு நடுவில் உள்ள ஹப்பே வேறு. டிஸ்க் ஃபிரேமில் பெரும்பாலும் முன்னால் 12க்கு 100, பின்னால் 12க்கு 142 மில்லிமீற்றர் அச்சு. பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

"நம்ம மழைக்குத் தாங்குமா? ஊறிப்போகாதா?"

கார்பன் ஊறாது, துருப்பிடிக்காது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிலும் நார் அப்படியே இருக்கும். துருப்பிடிப்பது போல்ட், பெயாரிங், செயின். இன்னொரு எதிரி இருக்கிறது: கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம் அரிக்கும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்டைப் போட்டு ஒரு வருடம் கழற்றாமல் விட்டால், பிறகு கழற்றவே முடியாமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, பசை பூசிப் போடுங்கள்.

மழையில் ஓடிவந்தால் சீட் போஸ்டை எடுத்துவிட்டு வண்டியைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். கிரேங்க் பெட்டிக்கு அடியில் சின்னத் துளை இருக்கும், மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். ஹட்டன் பக்கத்தாருக்கு மே முதல் செப்டம்பர் வரை இது வாராந்த வேலை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு அது டிசம்பரில் வரும்.

"தோட்ட ரோட்டில போகுமா?"

ஃபிரேம் போகும், டயர்தான் கேள்வி. வாங்கும்போது குறைந்தது 32 மில்லிமீற்றர் டயர் கொள்ளும் ஃபிரேமாகப் பாருங்கள். 28 போட்டாலும் சேறு ஒட்டிச் சுற்ற இடம் வேண்டும். 23 டயரில் 120 இறாத்தல் காற்று அடிக்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். அகல டயரில் காற்றைக் குறைத்தால் குழி உங்கள் கைக்கு வராது, ஃபிரேமுக்கும் வராது. கல் தெறிக்கும் இடம் கீழ்க்குழாயின் அடிப்பக்கம். அங்கே தடித்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நான் பழைய டியூபை வெட்டி ஒட்டினேன். அழகு இல்லை, வேலை செய்கிறது.

"சின்னவனைப் பாரில் உட்கார வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோகலாமா?"

கூடாது. மேற்குழாய் நடுவில் மிக மெல்லியது. மிதிக்கும் பாரத்தைத் தாங்கச் செய்தது, மேலே உட்காருவதைத் தாங்கச் செய்ததல்ல. சிக்னலில் நிற்கும்போது நீங்களும் அதில் சாய்ந்து உட்காரக் கூடாது. கெரியர் பூட்டுவது, சாக்கு கட்டுவது எல்லாம் லுமாலாவுக்கு. த்ரீவீலில் ஏற்றினால் குழாயில் கயிற்றை இறுக்காமல், சீட்டிலும் சில்லிலும் கட்டுங்கள்.

"தம்பி, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டா உடைஞ்சுருமாமே?"

இதைக் கேட்டவர் எங்கள் லயத்துப் பெரியவர், என் மேல் அக்கறையில். ஒழுங்காகச் செய்த கார்பன் சும்மா உடையாது. ஐஎஸ்ஓ 4210 என்று சைக்கிள்களுக்கு ஒரு சோதனைத் தரம் இருக்கிறது. அதில் பெடல் மிதிப்பதைப் போல ஃபிரேமை 100,000 தடவை அழுத்திப் பார்க்கும் சோதனையும் ஒன்று. விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள மாடல் எண் நீங்கள் வாங்கும் ஃபிரேமின் எண்ணா என்று பாருங்கள். வேறு ஃபிரேமின் அறிக்கையைக் காட்டுவார்கள், எனக்கும் ஒருவர் காட்டினார். அவரிடம் வாங்கவில்லை.

ஆபத்து பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறுக்கிய ஸ்டெம், முன்பு விழுந்து வெடித்ததைப் பார்க்காமல் ஓடும் ஃபோர்க். இரும்பு வளைந்து எச்சரிக்கும், கார்பன் அவ்வளவாக எச்சரிக்காது. ரதெல்ல குறுக்கு வழி மாதிரி இறக்கத்தில் ஸ்டீயரர் முறிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே எங்கேயாவது 50 டொலர் கூடக் கொடுப்பதென்றால் ஃபோர்க்குக்குக் கொடுங்கள்.

"விழுந்துட்டேன். வெளியில ஒண்ணும் தெரியல. ஓட்டலாமா?"

உடனே ஓட்டாதீர்கள். கழுவித் துடைத்து, ஒரு ரூபாக் காசால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டொக் டொக் என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் பொத் என்று செத்த சத்தம் வரும். குழாயின் தடிப்பு மாறும் இடங்களிலும் சத்தம் மாறும், ஆகவே மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிடுங்கள். இதற்காகவே புதிதாக இருக்கும்போது ஒரு தடவை தட்டிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பஞ்சை எடுத்து மெதுவாகத் தடவுங்கள், வெடிப்பு இருந்தால் நார் பஞ்சைப் பிடிக்கும். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீயரர் அடிப்பகுதியையும் பாருங்கள்.

காசுச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் வெடிப்பு இல்லை என்று அர்த்தம் ஆகாது. முன்பக்கம் மோதி விழுந்திருந்தால் நான் ஃபோர்க்கை மாற்றிவிடுவேன். வான் பம்பர் ஒட்டும் கடையில் ஃபைபர் வைத்து ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். கார்பன் ஃபிரேமைப் பழுதுபார்ப்பது தனி வேலை, நார்த் திசை தெரிந்தவர் செய்வது.

"வாரண்டி இருக்குதானே?"

எழுத்தில் இருக்கும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது என்றால், 450 டொலர் ஃபிரேமுக்கு அந்த வாரண்டியின் பெறுமதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வாரண்டியே இல்லை என்று நினைத்துத்தான் நான் வாங்கினேன்.

"போட்டியில ஓட விடுவாங்களா?"

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊரில் வைக்கும் ஓட்டத்தில் ஃபிரேமை யாரும் பார்ப்பதில்லை. சர்வதேசச் சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் விதிப்படி நடக்கும் போட்டி வேறு. 2011இலிருந்து ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் அவர்கள் அங்கீகார முறை வைத்திருக்கிறார்கள், பெயரில்லாத ஃபிரேமில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. பெரிய போட்டி நோக்கம் இருந்தால் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"பிறகு வித்தா விலை போகுமா?"

போகாது.

"திரும்பவும் வாங்குவீங்களா அண்ணே? உண்மையைச் சொல்லுங்க."

உங்களிடம் ஏற்கெனவே சரியான சைஸில் நல்ல அலுமினிய வண்டி இருந்தால், இந்தக் காசில் டிஸ்க் பிரேக் சில்லோ அகல டயரோ பெரிய பல் சக்கரமோ, எது அந்த வண்டிக்குப் போகுமோ அதைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். சைஸ் சரியில்லாத வண்டியில் கஷ்டப்படுகிறீர்கள், ஸ்பானர் பிடிக்கப் பிடிக்கும், பெட்டி வர ஒரு மாதம் பொறுக்க முடியும் என்றால் வாங்கலாம். நான் மறுபடி வாங்கினால் மரை உள்ள கிரேங்க் இடம், ஹெட்செட் வழியாகப் போகாத வயர், மூன்று ஹேங்கர். நிறம் மட்டும் கறுப்பு வேண்டாம், பனிமூட்டத்தில் லொறிக்காரருக்குத் தெரிவதில்லை.

வீட்டில் தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. ஓரஞ்சு நிறம்தான் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். சைஸ் இன்னும் முடிவாகவில்லை, நேற்றுக் கொத்தனார் வீட்டுக்குப் போய் அதே தூக்குக் குண்டை வாங்கி வந்திருக்கிறான்.